கால் நனையாத காலை: வெள்ள நேரத்து வன்னியில் பறவை பார்க்க எந்த வழி?

அக்காவின் மகன் யாழ்ப்பாணத்தில் இருந்து போன் எடுத்தான். கையில் புதுக் கமரா. போதாக்குறைக்கு, பாதத்தில் இருந்து நெஞ்சுவரை ஏறுகிற ரப்பர் உடுப்பு ஒன்றையும் இணையத்தில் ஓடர் பண்ணி வாங்கிவிட்டான். யாரோ வெள்ளைக்காரன் அதைப் போட்டுக்கொண்டு சதுப்புக்குள் நின்று வாத்துகளைப் படம்பிடிக்கிற வீடியோ பார்த்திருக்கிறான்.

"மாமா, உங்கட பக்கம் குளமெல்லாம் வான் பாயுதாம். தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு படம் எடுக்க எது நல்ல இடம்?"

"நீ முதல் வா, பிறகு பாப்பம்" என்று வைத்துவிட்டேன். அன்றிரவு அவனுக்கு எழுதி அனுப்பியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். வெள்ளம் வடியாத, அழுக்குத் தண்ணீர் நிற்கிற நேரத்தில் எங்கள் பக்கம் பறவை பார்க்க ஐந்து வழி இருக்கிறது. தண்ணீருக்குள் இறங்கலாம். வள்ளத்தில் போகலாம். குளக்கட்டில் நடக்கலாம். தெருவோரம் வாகனத்தை நிறுத்தி அதற்குள் இருந்தே பார்க்கலாம். அல்லது தண்ணீர் வற்றும்வரை வீட்டில் இருக்கலாம். இந்தக் கடைசியைப் பலர் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை.

வழிகளுக்கு முன் தண்ணீரைப் பற்றிப் பேசவேண்டும். இரணைமடுக் குளம் நிறைந்து, மிகைத் தண்ணீரை வெளியே விடுகிற வான்கதவு திறந்தால், அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்றோடு வடக்கே இறங்கி, கண்டாவளைப் பக்க வயல்களை மூடிக்கொண்டு, சுண்டிக்குளம் கடல்நீரேரியில் போய்ச் சேர்கிறது. 2018 டிசம்பர் வெள்ளத்திலும், 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்திலும் எங்கள் சனம் பட்டபாடு தெரிந்ததுதான். வழியில் அந்தத் தண்ணீர் எதைத்தான் தொடவில்லை? மலசலகூடக் குழி, மாட்டுப்பட்டி, களைநாசினி அடித்த வயல், சந்தைக்குப் பின்னால் மாதக்கணக்கில் கொட்டிய குப்பை, எல்லாவற்றையும் கழுவிக்கொண்டுதான் அது பறவைகளிடம் வருகிறது. மன்னார்ப் பக்கமும் இதே கதை. தேக்கம் அணையில் மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்புகிற அருவியாற்றுத் தண்ணீர், அனுராதபுரம் நகரத்தைத் தாண்டி வருகிற தண்ணீர். 2022 டிசம்பரில் மழையோடு வந்த குளிரில் வடக்கு கிழக்கு எங்கும் மாடுகள் விறைத்துச் செத்தது நினைவிருக்கும். எங்கள் வாய்க்காலிலேயே இரண்டு மிதந்தன. அதற்கு இருபது அடி தள்ளி ஒரு நத்தைகுத்தி நாரை ஒன்றும் நடக்காததுபோல நத்தை பொறுக்கிக்கொண்டு நின்றது. பறவை நிற்பதால் தண்ணீர் நல்லது என்று நினைக்கக் கூடாது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

இப்போது முதல் வழி, மருமகன் ஆசைப்பட்ட வழி. நானும் ஒருகாலத்தில் இறங்கியவன்தான். தரவை ஓரம் ஒரு கரண்டிவாயன் கூட்டம் நின்றது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் ஐம்பது அடி நடந்தேன். குதிக்காலில் மட்டி ஓடு கீறியது, பெரிய காயம்கூட இல்லை. ஒன்பதாம் நாள் காய்ச்சல் தூக்கியது. கெண்டைக்காலில் கை வைக்க முடியாத நோ, கண் இரண்டும் சிவப்பு. ஆஸ்பத்திரியில் டொக்டர் பெயரைக் கேட்க முன்னமே "தண்ணிக்குள்ள நிண்டனீங்களோ?" என்று கேட்டார். எலிக்காய்ச்சல். எலி, மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீரில் இருந்து தண்ணீரில் கலக்கும் கிருமி, கீறல் வழியாகவோ கண், மூக்கு, வாய் வழியாகவோ உள்ளே போய்விடும். பிந்தினால் சிறுநீரகத்தைப் பிடிக்கும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சல் என்று சனம் பதறி, சிலர் இறந்தும் போய், கடைசியில் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானதை மருமகன் பக்கத்தில் இருந்தே பார்த்தவன். இருந்தும் கேட்கிறான் பாருங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. மெலியோய்டோசிஸ் என்று பெயர். சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் கிருமி. சீனி வருத்தக்காரரைப் பிடித்தால் நுரையீரல்வரை போய்விடும். எங்கள் ஊரில் ஐம்பது வயது தாண்டியவர்களில் சீனி இல்லாதவரைத் தேடவேண்டிய காலம் இது. ஆகவே மாமாமார், சித்தப்பாமார் எல்லோரும் இந்த வழியை இந்த வரியோடு மறந்துவிடலாம்.

சரி, ரப்பர் உடுப்பு இருந்தால்? அது நோயை ஓரளவு தடுக்கும், ஓட்டை இல்லாதவரை. ஒருமுறை நான் சந்தையில் வாங்கிய ரப்பர் பூட்ஸ் இரண்டாம் நாளே அடி பிளந்தது. தண்ணீர் உள்ளே போன பூட்ஸ், வெறுங்காலைவிட மோசம். அழுக்குத் தண்ணீரில் காலை மணிக்கணக்கில் ஊறப்போட்ட மாதிரி. நெஞ்சுவரை ஏறுகிற உடுப்புக்குள் தண்ணீர் நிறைந்தால், குழியில் விழுந்தவன் எழும்புவதே பெரும்பாடு. வெள்ளத்துக்குக் கீழே வாய்க்கால் எங்கே, மண் கிண்டிய கிடங்கு எங்கே என்று முழுதாய்த் தெரிந்த ஊர்க்காரனே தடுமாறுவான்.

இவை எந்த நாட்டுச் சதுப்புக்கும் பொருந்தும். வன்னிக்கென்று சில இருக்கின்றன. வெள்ளம் மண்ணை அரித்தால் மண்ணுக்குள் கிடந்ததும் நகரும். மிதிவெடி அகற்றும் வேலை இத்தனை வருடமாக நடந்தும் எல்லா இடமும் முடியவில்லை. அகற்றி முடித்த நிலத்திலேயே மழைக்குப் பிறகு பழைய எறிகணை தலைகாட்டுகிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்ற இடத்தில் நிற்கிறதா, அடித்துக்கொண்டு வந்து வேறெங்கோ செருகி நிற்கிறதா என்று வெள்ளத்துக்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. நடமாட்டம் உள்ள பாதையை விட்டு இறங்காதே என்று 2010இல் மீள்குடியேறியபோது சொல்லித் தந்தார்கள். அது பறவை பார்ப்பவனுக்கும்தான். துருப்பிடித்த எதையாவது கண்டால் தொடாமல், கல் எறியாமல், வந்த வழியே திரும்பி, பொலிஸின் 119க்கு அறிவிக்கவேண்டும்.

அடுத்தது கம்பி. காட்டுப்பன்றிக்கு வயலோரம் களவாக இழுக்கிற மின்கம்பியால் ஒவ்வொரு வருடமும் எங்கள் பக்கம் யாராவது சாகிறார்கள். ஈர வரம்பில் விடியற்காலை இருட்டில் அதைக் காண முடியாது. மிருகம் தட்டினால் தானாக வெடிக்கும்படி கட்டிவைக்கிற கட்டுத்துவக்கும் அப்படித்தான். பறவைக்காரர் விரும்புகிற அதே நேரம், அதே வரம்பு. சூரியன் ஏறி, வயற்காரர் நடமாடத் தொடங்கிய பிறகு போவதே உசிதம். போகிற பாதையை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவையும் தாங்கி இறங்கினாலாவது பறவை கிட்டவாகத் தெரியுமா? அதுவும் இல்லை. ஊசிவால் வாத்துகளை நோக்கி ஐம்பது அடி நடந்தால் அவை நூறு அடி தள்ளிப் போகும். இன்னும் நடந்தால் எழும்பிப் பறந்து குளத்தின் மறுகரையில் இறங்கும். சைபீரியாப் பக்கம் இருந்து பறந்து வந்து, கொழுப்பைச் சேர்த்துத் திரும்பப் போக வேண்டிய உயிர். வீணாக எழுப்பினால் அதற்கும் நட்டம், பார்க்க வந்தவனுக்கும் நட்டம்.

வள்ளம் எனக்குப் பிடித்த வழி. அதனாலேயே அதைப் பற்றி என் தீர்ப்பை முழுதாக நம்பவேண்டாம். வற்றிவருகிற மாசி, பங்குனியில் விடிகாலைக் கடல்நீரேரியில் வள்ளம் ஓசையில்லாமல் தடி ஊன்றிப் போகும்போது, கூழைக்கடாக்கள் பக்கத்தில் மிதப்பதைப் பார்த்தவன் கரையில் நின்று திருப்திப்பட மாட்டான். ஆனால் வெள்ள நேரத்தில் வேண்டாம். வான் பாய்கிற குளத்தில் இழுவை எந்தப் பக்கம் என்று மேலே தெரியாது. மூழ்கிய மரக்குற்றிகள் வள்ளத்தின் வயிற்றைக் கிழிக்கும். மீன்பிடிக்கிற அண்ணைமார் கேட்டால் மறுக்கத் தயங்கி ஏற்றிக்கொள்வார்கள், காசும் வாங்க மாட்டார்கள். அவர்கள் தங்கள் வலைக்காகப் போகிற துணிச்சலை எங்கள் பொழுதுபோக்குக்குக் கேட்பது சரியில்லை. வற்றிய காலத்திலும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறக் கூடாது. ஏறினால் கையைத் தண்ணீரில் விட்டு அளையாமல் இருக்கவேண்டும். முதலை இருக்கிற குளங்கள் இவை.

குளக்கட்டுக்கு வருவோம். உயரம், விரிந்த பார்வை, காய்ந்த தரை, மூன்றும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் வன்னியில் இதைவிட வேறில்லை. முன்னோர் வயலுக்குக் கட்டியது, எங்களுக்குப் பறவைக் கோபுரமாகவும் பயன்படுகிறது. கட்டில் இருந்து ஒரு பக்கம் திரும்பினால் ஆழத் தண்ணீரில் தாராக்களும் நீர்க்காகங்களும். மறுபக்கம் திரும்பினால் கீழே வயலில் கொக்கு, நத்தைகுத்தி, ஆட்காட்டி. நாள் முழுக்க நின்றாலும் அலுக்காது.

இரணைமடுக் கட்டு குளத்துக்கு வடக்கே கிடக்கிறது. அதில் நின்றால் தெற்கே பார்த்துத்தான் நிற்க வேண்டும். மார்கழி, தையில் சூரியனும் தெற்கே சாய்ந்தே போகிறது. பத்து மணிக்குப் பிறகு தண்ணீர் கண்ணாடிபோல மின்னி, தாராக்கள் எல்லாம் கறுப்புப் புள்ளியாகிவிடும். காலை ஒன்பதுக்கு முன், மாலை நாலுக்குப் பின், அவ்வளவுதான். கட்டுக்கரைக்குளத்தில் இந்தத் தொல்லை குறைவு, மதவாச்சி மன்னார் வீதியில் இருந்து கட்டுக்கு ஏறுவதும் சுலபம். 1954 முதல் சரணாலயம் அது. தாமரையும் அல்லியும் படர்ந்த பக்கத்தில் நீளவால் இலைக்கோழி இலைமேல் நடக்கும். நீலத்தாழைக்கோழியைத் தேடவே வேண்டாம்.

கட்டுக்கும் கெடுதி உண்டு. வெள்ளத்தில் காய்ந்த நிலம் அது ஒன்றுதான் என்பது எங்களுக்கு மட்டுமா தெரியும்? புடையன், நாகம், முதலை எல்லாமே அங்கேதான் ஏறுகின்றன. கட்டின் சரிவில் வளர்ந்த பற்றைக்குள் கால் வைக்கக் கூடாது. தண்ணீர்ப் பக்கம் அடுக்கிய கற்களில் குந்தக் கூடாது, இடுக்கெல்லாம் பாம்பின் வீடு. கட்டுக் கசிந்து மண்மூட்டை அடுக்கியிருந்தால், நீர்ப்பாசனத் திணைக்களத்தார் மறித்திருந்தால், திரும்பிவிட வேண்டியதுதான். வான்கதவடியில் செல்பி எடுக்கிற கூட்டத்தைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். அங்கே வழுக்கினால் பிடிக்கக் கொடிகூட இல்லை. யானை நடமாடும் காட்டோரக் குளங்களில், முத்துஐயன்கட்டு, தண்ணிமுறிப்புப் பக்கங்களில், ஊரார் ஒருவரைக் கேட்காமல் விடிய முன் கட்டில் ஏறுவது மடத்தனம்.

தெருவோரத்தைப் பலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். வாகனத்துக்குள் இருந்து பார்ப்பது பறவை பார்ப்பதா என்று ஒருவர் என்னைக் கேட்டார். ஆனால் வெள்ளம் என்ன செய்கிறது என்று யோசியுங்கள். உள்ளான் வகைகளுக்கு மேய விரலளவு தண்ணீர்தான் வேண்டும். பவளக்காலிக்கு ஒரு சாண் போதும். கடல்நீரேரி ஆழமாகிப் போனதும் அவை எல்லாம் எங்கே போகும்? மேட்டு விளிம்புக்கு. எங்கள் நாட்டில் மேட்டு விளிம்பு என்பது பெரும்பாலும் தெரு. சாதாரண வருடத்தில் அரை மைல் தள்ளி நிற்கிற மூக்கன்கள், வெள்ள வருடத்தில் வீதிக்கரைப் பள்ளத்தில் மேய்வதைப் பார்த்திருக்கிறேன். மனிதன் இறங்கி நடந்தால் பறக்கிற பறவை, நின்ற வாகனத்தைக் கண்டு அசையாது. வாகனமே மறைப்பு. ஜன்னலில் ஒரு பொலித்தீன் பையில் அரிசி நிரப்பி வைத்து அதன்மேல் கமராவைச் சாத்தினால் கைநடுக்கமும் இல்லை.

ஆனையிறவில் ஏ9 வீதி கடல்நீரேரியை ஊடறுத்து ஏறக்குறைய தெற்கு வடக்காகப் போகிறது. காலையில் மேற்கே பாருங்கள், மாலையில் கிழக்கே பாருங்கள், வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். மன்னாரில் தீவுக்குப் போகும் தாம்போதி இன்னும் நல்லது. அதன் தெற்கே வங்காலைச் சரணாலயம், 4,839 ஹெக்டேயர். 2008இல் சரணாலயமாகி, 2010இல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாகியது. பூநாரை பார்க்கவென்றே தெற்கில் இருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். வெள்ளத்தில் தண்ணீர் ஆழமாகி உப்பும் கரைந்துபோனால் பூநாரைக் கூட்டம் இடம் மாறும், அப்போது ஏமாறவும் கூடும். வட்டுவாகல் பாலமும் நல்ல இடம்தான். 2017இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்ட நந்திக்கடலின் வாயில் அது. தாழ்ந்த பழைய பாலம், வெள்ளத்தில் தண்ணீர் மேவும். தண்ணீர் மேவும்போது அதில் வாகனம் விடவே கூடாது. 2009 மே மாதத்தில், போரின் முடிவில், அந்தப் பக்கம் இருந்து வந்தவர்களில் நானும் ஒருவன். ஆலாக்கள் பறப்பதை அங்கே நின்று பார்க்கும்போது பைனாகுலரைக் கண்ணில் இருந்து இறக்க எனக்குச் சில நேரம் மனம் வராது.

தெருவின் ஆபத்து வாகனங்கள்தான். ஏ9இல் பஸ்காரர் ஒருவருக்கொருவர் போட்டிக்கு ஓடுகிறார்கள். நன்றாகத் தார் விளிம்பை விட்டு இறக்கி நிறுத்தவேண்டும், ஆனால் புல்லுக்குள் அல்ல, ஏற்கனவே சில்லுத் தடம் உள்ள சரளையில். முகாம்களின் பக்கம் லென்ஸைத் திருப்பக் கூடாது. ட்ரோன் அனுமதி இல்லாமல் எடுத்து வந்தால் பறவைக்கு முன் நீங்கள் பறக்க வேண்டிவரும்.

காத்திருப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வலசை வந்தவை சித்திரைவரை இருக்கும். மாசி பிறந்து தண்ணீர் சுருங்கச் சுருங்கப் பறவைகளும் ஒரே இடத்தில் சேரும், சேறு காயும், எங்கே கிடங்கு, எங்கே கம்பி என்று கண்ணுக்குத் தெரியும். சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்குப் போக எனக்கு இதுவே பருவம். ஆனால் வெயிலில் தேங்கிய குட்டை பச்சைப் பெயின்ற் ஊற்றியதுபோல இருந்தால், அது நச்சுப் பாசியாக இருக்கலாம், கிட்டப் போகவேண்டாம். நாயையும் விடவேண்டாம். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ மிருக வைத்தியருக்கோ சொல்லுங்கள்.

அப்போ நான் எதை எடுப்பேன்? வான் பாய்கிற கிழமைகளில் தெரு. வான் நின்று ஒரு பத்து நாள் போனபின் கட்டு. மாசிக்குப் பிறகு வள்ளம். தண்ணீருக்குள் இறங்குவது எந்த மாதத்திலும் இல்லை. பிள்ளைகளோடு போகிறவர், சீனி வருத்தக்காரர், காலில் ஆறாத புண் உள்ளவர், எந்தக் கிழமையானாலும் தெருவோடு நின்றுகொள்ளலாம். 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் ஆசியா எங்கும் நடக்கிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் ஆயிரக்கணக்கில் எண்ணுகிறவர்களும் பெரும்பாலும் கரையில் நின்று எண்ணுகிறவர்கள்தான்.

காசை எதில் போடுவது என்பதும் இதிலேயே தெளிவாகிறது. காலுக்கு அல்ல, கண்ணுக்கு. 8க்கு 42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர்) கைநடுக்கத்தைத் தாங்கும், மழை இருட்டிலும் வெளிச்சம் பிடிக்கும். அதற்கு மேல் காசு இருந்தால் முக்காலியில் பூட்டுகிற தொலைநோக்கி ஒன்று வாங்கினால், இரணைமடு நடுவில் மிதக்கிற வாத்தின் சொண்டு நிறம்வரை கட்டில் நின்றே தெரியும். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம், நாங்கள் அப்படித்தான் வாங்கினோம்.

சின்ன விஷயம், ஆனால் எல்லோரும் மறப்பது: பைனாகுலரின் கண்வளையம் நேரே கண்ணில் படுகிறது. சேற்றுக் கையால் அதைப் பிடித்துவிட்டுக் கண்ணில் வைத்தால், காலுக்குப் பூட்ஸ் போட்டு என்ன பயன்? அதனால் எங்கள் வாகனத்தில் ஐந்து லீற்றர்க் கான் ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் ஒரு சவர்க்காரத் துண்டும் எப்போதும் இருக்கும். பிளேன்ரீக்கு முன் கை கழுவவும், வீட்டுக்குத் திரும்பும்போது சப்பாத்து அடி கழுவவும். வெள்ளம் மேவிய ஊர்க் கிணறு என்றால் கொதிக்கவைத்த தண்ணீர் மட்டும். மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, ஒரு தடி. பாம்பு கடித்தால் கீறுவது, கட்டுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம், காலை அசைக்காமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ்.

இவ்வளவுக்கும் பிறகு வேலைக்காகத் தண்ணீரில் நின்றே ஆகவேண்டியவர்கள் இருக்கிறார்கள், வயற்காரர்போல. அவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டொக்சிசைக்ளின் குளிசை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுப்பார்கள், கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு. கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் கேட்காமல் எடுக்கக் கூடாது. இது வயலுக்கு இறங்குபவருக்கு. படம் எடுக்கிறவர் குளிசையை நம்பி இறங்குவதற்கு அல்ல. குளிசை போட்டிருந்தாலும், அழுக்குத் தண்ணீர் பட்டு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஆஸ்பத்திரியில் முதல் சொல்லவேண்டியது தண்ணீரைப் பற்றித்தான்.

மருமகன் வந்தான். ஆனையிறவில் வாகனத்துக்குள் இருந்தே இருநூறு படம் எடுத்தான், அதில் பவளக்காலி ஒன்று ஜன்னலுக்கு இருபது அடியில். நெஞ்சு உடுப்பை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டான். அடுத்த கிழமை கிணறு இறைத்துச் சேறு அள்ளியபோது நான் அதைப் போட்டுக்கொண்டேன், இடுப்பில் கொஞ்சம் இறுக்கம்.